ஸ்பைடர்மேன் மேடை: கதைக்கல்ல, பறப்புக்கே கூட்டம்

நியூயோர்க் பிரோட்வேயில் சுமார் 75 மில்லியன் டொலர் செலவில் உருவான ‘ஸ்பைடர்மேன்’ இசை நாடகத்தின் முன்னோட்டக் காட்சிகள் 2010 நவம்பரில் தொடங்கின. முதல் நாளே நாயகன் பார்வையாளர்களின் தலைக்கு மேலே அந்தரத்தில் தொங்கி நின்றார். டிசம்பர் 20 இல், பாதுகாப்புக் கயிறு சரியாகப் பொருத்தப்படாததால் சாகசக் கலைஞர் கிறிஸ்தோபர் டியர்னி மேடையிலிருந்து கீழே விழுந்தார். மண்டையோடு, விலா, முள்ளந்தண்டு என்பு முறிவுகள்.

கதை குழப்பம் என விமர்சகர்கள் சாடினர். அரங்கோ நிரம்பியது. ஆள் பறப்பதைப் பார்க்கத்தான் குடும்பங்கள் பணம் கொடுத்தன. விபத்துச் செய்திகளும், சொல்லக் கசப்பானாலும், ஆவலைக் கூட்டின. 2011 இன் கடைசி வாரத்தில் மட்டும் வசூல் 29 இலட்சம் டொலர். தொழிற் பாதுகாப்பு அதிகாரிகள் முன்மொழிந்த தண்டமோ 12,600 டொலர்தான்!

டியர்னி குணமடைந்து மீண்டும் அதே மேடைக்கு வந்தார். நாடகம் 2014 ஜனவரியில் பெரும் நட்டத்துடன் நிறுத்தப்பட்டது.