மணல் குடத்து ஆறு

படவேடு ரேணுகாம்பாள் கோயிலுக்குப் போய் வந்தவர்களுக்குத் தெரிந்த கதைதான். ஜமதக்னி முனிவரின் மனைவி ரேணுகா, தினமும் ஆற்று மணலைக் குடமாகப் பிடித்து, சுடாமலே அதில் நீர் மொண்டு வருவாள். இங்கே ஓடும் கமண்டல நதியை நிலநீர் அறிவோடு பார்த்தால், ஆறே ஒரு மணல் குடமாகத்தான் தெரிகிறது.

ஜவ்வாது மலையில் பிறக்கும் இந்த ஆறு, 62.32 அடி உயரமுள்ள செண்பகத்தோப்பு அணையில் தங்கி, படவேட்டைக் கடந்து நாகநதியோடு கலக்கிறது. கமண்டல நாகநதியாகி, ஆரணியைத் தொட்டுக்கொண்டு போய்ச் செய்யாற்றில் சேர்கிறது. ‘ஆறு அணி’தான் ஆரணி ஆனது என்பார்கள் ஊர்ப் பெரியவர்கள். செய்யாறு திருமுக்கூடலில் பாலாற்றோடு கூடிக் கடலுக்குப் போகிறது. 13, 14ஆம் நூற்றாண்டுகளில் சம்புவராயர்கள் தலைநகர் அமைத்தது மலையும் ஆறும் சேர்ந்த இந்தப் படவேட்டில்தான்.

மிசிசிப்பி போல ஆண்டு முழுவதும் புரளும் ஆறல்ல இது. மழை பெய்தால் வெள்ளம், மற்ற நாளில் வெறும் மணல். ஆனால் கோடையில் அந்த மணலைக் கையால் தோண்டிப் பாருங்கள். மேலே சுடும், முழங்கை ஆழத்தில் ஈரம் தட்டும், இன்னும் தோண்டினால் கலங்கல் ஊறும். இரண்டு முறை இறைத்துவிட்டுக் காத்திருந்தால் தெளிந்த ஊற்று.

காரணம் மலையில் இருக்கிறது. பாறை சிதையும்போது எளிதில் சிதையும் கனிமங்கள் களிமண்ணாகி நீரோடு போய்விடுகின்றன. கெட்டியான குவார்ட்ஸ் மணலாகத் தங்குகிறது. மணலின் கன அளவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இடைவெளி. வெள்ளம் அதில் இறங்கிவிட்டால் வெயில் எளிதில் தீண்டாது; வரும் வழியில் மணலே வடிகட்டியும் தருகிறது.

1 கிலோமீட்டர் நீளம், 100 மீட்டர் அகலம், 3 மீட்டர் ஆழமுள்ள மணல் நிறைந்தால் சுமார் 10 கோடி லிட்டர் கொள்ளும். எல்லாவற்றையும் இறைக்க முடியாது. ஆனாலும் கரையோரக் கிணறுகளுக்கும் படவேட்டு வாழைத்தோட்டங்களுக்கும் அதுதான் பலம்.

அதனால் மணலை அள்ளுவது ஆற்றின் மேல்தோலை உரிப்பதல்ல, குடத்தையே உடைப்பது. 6 கன மீட்டர் மணல் கரையேறும்போது 2,000 லிட்டர் நீர் தங்கும் இடமும் கூடவே போகிறது. அடுத்த மழையில் வெள்ளம் வரும். நிற்க இடமில்லாமல் கடலுக்குப் போய்விடும்.