படமும் பிக்சலும் – 14: ஜமுக்காளமான அந்தி வானம்

கடற்கரையில் அந்தி வானத்தை மூன்று விநாடி வீடியோ எடுத்து, கிஃப் கோப்பாக மாற்றிப் பாருங்கள். போனில் ஆரஞ்சிலிருந்து ஊதாவுக்கு இழையிழையாகக் கரைந்த வானம், கிஃப்பில் ஜமுக்காளம் விரித்தாற்போல் பட்டை பட்டையாக நிற்கும். போன வாரம் அப்படிச் செய்துபார்த்து வயிறெரிந்தேன்.

காரணம் வண்ண ஆழம். சாதாரணப் புகைப்படத்தில் ஒரு பிக்சலுக்குச் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் எட்டெட்டு பிட். மொத்தம் 24 பிட். அதாவது 1,67,77,216 நிறங்கள். கிஃப் பிக்சலுக்கு எட்டு பிட்தான். அதில் இருப்பது நிறமே அல்ல, 0 முதல் 255 வரை ஓர் எண். கோப்பில் இருக்கும் வண்ண அட்டவணையில் அந்த எண்ணுக்கு எதிரே எந்த நிறமோ, அதுவே திரைக்கு வரும். கிஃப் என்றாலே மங்கல் நிறம் என்று பலர் நினைக்கிறார்கள், அது தவறு. அந்த 1.67 கோடியில் எந்த நிறத்தையும் எடுக்கலாம், ஆனால் ஓர் அட்டவணையில் 256 மட்டுமே. அந்திக்கு அது எந்த மூலைக்கு?

1987இல் கம்ப்யூசர்வ் நிறுவனத்தில் ஸ்டீவ் வில்ஹைட் இதை உருவாக்கியபோது படங்கள் தொலைபேசிக் கம்பி வழியாகத்தான் போயின. விநாடிக்கு 2400 பிட் அனுப்பும் மோடத்தில், 320க்கு 200 பிக்சல் படம் ஒன்றைச் சுருக்காமல் அனுப்ப மூன்றரை நிமிடத்துக்கு மேல் ஆகும். அந்தக் காலத்துக்கு 256 நிறம் தாராளம்தான். இன்றும் கோட்டோவியம், லோகோ போன்றவற்றுக்கு நான் கிஃப்பைக் குறை சொல்லமாட்டேன்.

பட்டையை மறைக்க ஒரு பழைய வழி உண்டு: இரண்டு நிறப் புள்ளிகளை மாற்றி மாற்றித் தூவினால், தூரத்தில் கண் அதை மூன்றாவது நிறமாகக் கலந்துகொள்ளும். ஃபிளாய்ட், ஸ்டைன்பெர்க் இருவரும் 1976இல் தந்த முறை இதற்குப் பேர்போனது. ஆனால் அசையும் படத்தில் ஃபிரேமுக்கு ஃபிரேம் புள்ளிகள் இடம் மாறினால், வானமெங்கும் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும். ஒரே நிறம் தொடர்ந்து வந்தால்தான் கிஃப் நன்றாகச் சுருங்கும் என்பதால், கோப்பும் ஊதிவிடும்.

கிஃப்பில் ஒளிபுகும் தன்மையும் உண்டு அல்லது இல்லை, அவ்வளவுதான். பாதி என்பது கிடையாது. வெள்ளைப் பின்னணியில் செய்த சுடரைக் கறுப்பின் மேல் வைத்தால் ஓரத்தில் வெள்ளைப் பிசிறு தெரிவது அதனால்தான்.

இதற்கெல்லாம் தீர்வாக மோசில்லாவினர் 2004இல் பிஎன்ஜி படத்தின் அசையும் வடிவமான ஏபிஎன்ஜியை முன்வைத்தார்கள். முழு 24 பிட் நிறம், அதற்கு மேல் எட்டு பிட் ஒளிபுகும் அளவு. பிஎன்ஜி குழு 2007இல் அதை ஏற்க மறுத்தது. குரோமுக்கு அது வந்து சேர 2017 ஆனது. பிஎன்ஜியின் அதிகாரபூர்வத் தரத்தில் 2025இல்தான் இடம் கிடைத்தது. இவ்வளவு நல்ல வடிவம் இத்தனை ஆண்டு வாசலில் நின்றதே என்று எனக்கு ஆதங்கம். கோப்பு சிறியதாக வேண்டுமென்றால் கூகுளின் வெப்பி இருக்கிறது.

எதற்கு மாற்றினாலும் மூல வீடியோவிலிருந்தே மாற்றுங்கள். கிஃப்பை ஏபிஎன்ஜி ஆக்கினால் அதே ஜமுக்காளம்தான் வரும்.

(தொடரும்)