உடைந்தது முன்னா, எழுதியது முன்னா?

எருசலேமில் உள்ள இஸ்ரேல் அருங்காட்சியகத்திடம் ஒரு தந்த மாதுளை இருக்கிறது. உயரம் 43 மில்லிமீட்டர்தான். உருண்டையான வயிறு, ஒடுங்கிய கழுத்து, மேலே இதழ் விரித்த முடி. அடியில் ஒரு துளை. ஏதோ ஒரு கோலின் உச்சியில் செருகப்பட்டிருக்க வேண்டும். வயிற்றில் ஒரு பகுதி பெயர்ந்து போயிருக்கிறது. தோள்பட்டையைச் சுற்றிப் பழைய எபிரேய எழுத்தில் ஒரு வரி ஓடுகிறது. அழிந்த எழுத்துகளை ஊகித்துப் படித்தால், யாவேயின் ஆலயத்துக்கு உரியது, ஆசாரியர்களுக்குப் பரிசுத்தமானது என்று பொருள் வரும்.

சாலொமோன் கட்டியதாகச் சொல்லப்படும் எருசலேம் தேவாலயத்தைக் கி.மு. 586 வாக்கில் பாபிலோனியர் எரித்து அழித்தார்கள். அங்கிருந்து வந்தது என்று உறுதியாகச் சுட்டிக்காட்ட ஒரு பொருள்கூட யாரிடமும் இல்லை. அந்த ஆலயத்தின் வெண்கலத் தூண்களின் தலைப்பில் மாதுளைகள் வரிசை வரிசையாக இருந்தன என்றும், பிரதான ஆசாரியரின் அங்கி ஓரத்தில் மாதுளை வேலைப்பாடு தொங்கியது என்றும் வேதாகமம் சொல்கிறது. அப்படியிருக்க, ஆலயத்தின் பெயரையே சுமந்த ஒரு மாதுளை கைக்கு வந்தால் மனம் துள்ளாமல் இருக்குமா?

பிரெஞ்சு அறிஞர் ஆந்த்ரே லெமேர் 1979இல் எருசலேமின் ஒரு பழம்பொருள் கடையில் இதைப் பார்த்தார். 1981இல் அதைப் பற்றி எழுதினார். எழுத்தின் சாயல் கி.மு. 8ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்பது கணிப்பு. கல்வெட்டு வல்லுநர் நாமான் அவிகாதும் உண்மையானதுதான் என்றார். 1988இல் அருங்காட்சியகம் 5,50,000 டாலர் கொடுத்து, விற்றவர் யார் என்று வெளியில் சொல்லாமலே வாங்கியது. எந்த மண்ணிலிருந்து, எந்த அடுக்கிலிருந்து எடுத்தார்கள் என்பதற்கு மட்டும் பதிவு இல்லை. எழுத்தின் சாயலை வைத்துக் காலம் சொல்வதில் எனக்கு எப்போதும் ஒரு தயக்கம் உண்டு. பழைய எழுத்து வடிவங்களின் அட்டவணை நூலகங்களில் கிடைக்கிறது. அதை அறிஞரும் பார்க்கலாம், போலி செய்பவரும் பார்க்கலாம்.

2004 டிசம்பரில் முடிவு தலைகீழானது. மண்ணியல் தொல்லியலாளர் யுவால் கோரன் உள்ளிட்ட குழு நுண்ணோக்கியில் ஆராய்ந்தது. மாதுளை பழையதுதான். நீர்யானைப் பல்லில் செதுக்கியது. அந்த விலங்கு அக்காலத்தில் இன்றைய இஸ்ரேலின் கடற்கரைச் சமவெளியிலேயே வாழ்ந்தது. ஆனால் காலம் கி.மு. 14 அல்லது 13ஆம் நூற்றாண்டு. அதாவது, ஆலயமே கட்டப்படுவதற்குச் சில நூற்றாண்டுகள் முந்தியது. எழுத்தோ அண்மைக் காலத்தது. எழுத்துப் பள்ளங்களில் படிந்திருந்த படலமும் இயற்கையாகச் சேர்ந்ததல்ல, பூசியது என்றது குழு.

இதில் எனக்கு மிகவும் பிடித்த சான்று உடைப்பின் விளிம்புதான். ஒரு பத்திரம் கிழிந்த பிறகு அதில் எழுத உட்காருபவர் கிழிசலைத் தொடாமல் கையை ஒதுக்குவார்; எழுதிய பிறகு கிழிந்திருந்தால் கிழிசல் எழுத்தின் நடுவே போகும். தந்தத்திலும் அதே நியாயம். கூர்உளியால் கீறிய கோட்டின் குறுக்குவெட்டு ஆங்கில ‘வி’ வடிவில் இருக்கும். எழுத்து முதலில் இருந்து, பின்னால் தந்தம் உடைந்திருந்தால், உடைந்த முகத்தை நேராகப் பார்க்கும்போது விளிம்பில் அந்தப் பள்ளம் திறந்து தெரிய வேண்டும். உடைப்பு முதலில் என்றால், உளி விளிம்புக்குச் சற்று முன்பே நின்றுவிடும். மேலே போனால் இன்னொரு சில்லு பெயர்ந்துவிடும் என்ற பயம்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. மாதுளையில் பழங்கால உடைப்பு ஒன்று, பிற்கால உடைப்பு ஒன்று என இரண்டு இருக்கின்றன. பிற்கால உடைப்பு எழுத்தை வெட்டிச் சென்றால் அது எதையும் நிரூபிக்காது. போலியாக எழுதிய பிறகும் அது உடைந்திருக்கலாம். ஆகவே கேள்வி முழுவதும் பழைய விளிம்பை ஒட்டி நிற்கும் மூன்று குறை எழுத்துகளின் மேல் வந்து குவிந்தது. அவை விளிம்பைத் தொடாமல் நிற்கின்றன என்றது குழு. லெமேர் ஏற்கவில்லை. 2007இல் இரு தரப்பும் அருங்காட்சியகத்தில் ஒரே நுண்ணோக்கியைச் சுற்றிக் கூடினார்கள். ‘ஹே’ என்ற எழுத்து பழைய உடைப்புக்குள் போகிறது என்றார் லெமேர். மற்றவர்கள் போகவில்லை என்றார்கள். ஒரே கீறலைப் பார்த்தவர்கள் இரண்டு முடிவோடு வெளியே வந்தார்கள்.

நான் குழுவின் பக்கம்தான். மூன்று எழுத்துகளும் ஒரே ஆபத்தான விளிம்பருகே வந்து தயங்கி நிற்பதைத் தற்செயல் என்று என்னால் ஏற்க முடியவில்லை.

எழுத்து போலி என்றான பின் பலரும் மாதுளையையே மறந்துவிட்டது எனக்கு வருத்தம் தருகிறது. மூவாயிரம் ஆண்டுக்கு முந்தைய ஒரு கைவினைஞர் நீர்யானைப் பல்லை உருட்டி, கனியின் முடி இதழ்களைப் பிரித்துச் செதுக்கியிருக்கிறார். ஹைஃபாவுக்குத் தெற்கே தெல் நாமி என்னும் இடத்தில் ஏறக்குறைய அதே காலத்துக் கல்லறையில் மாதுளைத் தலை வைத்த வெண்கலக் கோல்கள் அகழாய்வில் கிடைத்தன. அவற்றை எந்தக் குழியில் எந்தப் பொருள்களோடு வைத்தார்கள் என்று தெரிவதால், சடங்கில் அவற்றைப் பிடித்த கைகளைப் பற்றி ஆய்வாளர்கள் பேச முடிகிறது. தந்த மாதுளைக்கும் அப்படி ஒரு இடம் இருந்திருக்கும். அது இருந்த மண்ணை அளந்து குறித்து வைக்காமலே யாரோ எடுத்துவிட்டார்கள். எந்த நுண்ணோக்கியாலும் அந்த இடத்தை இனி கண்டுபிடிக்க முடியாது.