காரில் கிடைக்காத இடம் லாயத்தில் கிடைத்தது

1965 ஜூலையில் இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோன் களத்தில் பிரிட்டிஷ் கிராண்ட் பிரீ நடந்தது. ஜெயித்தவர் ஜிம் கிளார்க். அவருக்குப் பின்னால் லோட்டஸ் நிறுவனமே நின்றது. அதே பந்தயத்துக்குச் சொந்தக் காரோடு பெயர் கொடுத்திருந்தார் பிரையன் கபி. அவரால் பந்தயத்தில் இறங்கவே முடியவில்லை. ஃபார்முலா ஒன் உலக சாம்பியன்ஷிப்பில் அவர் கணக்கு அத்தோடு சரி: பெயர் கொடுத்தது ஒன்று, ஓடியது ஒன்றுமில்லை. பிற்பாடு அவர் பந்தயக் குதிரைப் பயிற்சியாளர் ஆனார். 1980களில் அவர் தயார் செய்த காபிடாட் என்ற குதிரை குறுந்தூர ஓட்டங்களில் பெயர் வாங்கியது.

காரை விட்டவர் குதிரையிடம் ஏன் போனார்? அவர் மனதில் இருந்தது அவருக்குத்தான் தெரியும். ஆனால் இரண்டு விளையாட்டின் விதிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று தெரிகிறது: சிறிய ஆளுக்குக் கார்ப் பந்தயம் கதவைச் சாத்திக்கொண்டே வந்தது, குதிரைப் பந்தயம் கொஞ்சம் திறந்தே வைத்திருந்தது.

கம்பெனி அணியில் சேராமல், தானே கார் வாங்கி, ஓரிரு மெக்கானிக்குகளை வைத்துக்கொண்டு ஓட்டுபவரை பிரைவேட்டியர் என்பார்கள். அவருடைய தோல்வி பல சமயம் கார் வாங்கும் இடத்திலேயே முடிவாகிவிடும். கபியின் கார் லோட்டஸ் 24. 1962இல் லோட்டஸ் இதை வெளியாருக்கு விற்றது. குழாய்களைப் பற்றவைத்துக் கட்டிய பழைய பாணி உடல். அதே ஆண்டு தன் சொந்த ஓட்டுநர்களுக்கு மட்டும், தகடுகளாலேயே ஒரே கூடாக அமைந்த லோட்டஸ் 25ஐ இறக்கியது. எடையும் குறைவு, உறுதியும் அதிகம். முழுக் காசு கொடுத்து 24ஐ வாங்கியவர்களுக்கு வயிறு எரிந்திருந்தால் அதில் நியாயம் உண்டு. 1965இல் கபியிடம் இருந்தது மூன்று ஆண்டு பழைய வடிவம்.

1966இல் எஞ்சின் அளவு ஒன்றரை லிட்டரிலிருந்து மூன்று லிட்டராக உயர்ந்தது. செலவும் கூடவே ஏறியது. 1968இல் ராப் வாக்கரின் தனியார் அணிக்காக ஜோ சிஃபெர்ட் பிரிட்டிஷ் பந்தயத்தை வென்றார். பிரைவேட்டியர்களின் கடைசிப் பெரிய வெற்றிகளில் அது ஒன்று. 1980களில், ஒவ்வொரு அணியும் தன் காரைத் தானே வடிவமைக்க வேண்டும் என்ற ஒப்பந்தம் வந்தபின் பேச்சுக்கே இடமில்லை.

குதிரைப் பந்தயத்தில் ஹேண்டிகேப் என்ற ஏற்பாடு உண்டு. நன்றாக ஓடும் குதிரைக்கு அதிக மதிப்பெண். மதிப்பெண் ஏற ஏற அது சுமக்கும் எடையும் ஏறும். இந்தியாவில் ஒரு மதிப்பெண்ணுக்கு அரை கிலோ. ஆகவே கோடி ரூபாய்க் குதிரையோடு சாதாரணக் குதிரையும் மோத வழி உண்டு. கிளார்க்கின் காரில் யாரும் இப்படி ஈயக்கட்டியை ஏற்றவில்லை.

பயிற்சியாளர் சவாரி செய்வதில்லை. குதிரை பெரும்பாலும் அவருடையதும் இல்லை. விடியுமுன் எந்தக் குதிரையை எவ்வளவு வேகத்தில் ஓட விடுவது, எதற்கு என்ன தீனி, எந்தப் பந்தயத்துக்கு எதைப் பதிவு செய்வது, எந்த ஜாக்கியை ஏற்றுவது என்பதெல்லாம் அவர் முடிவு. கார் மெக்கானிக்குக்கும் இந்தக் கண் வேண்டும். ஆனால் கியர்பாக்ஸ் போனால் வேறு வாங்கலாம். முன்னங்காலின் தசைநாண் கிழிந்தால் அந்தக் குதிரைக்குப் பல மாதம் ஓய்வுதான், சில சமயம் ஓட்டமே முடிந்துவிடும். குதிரைப் பந்தயம் திறமை சார்ந்த விளையாட்டு என்று தமிழ்நாட்டு வழக்கில் 1996இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், ஜாக்கியின் திறமையோடு இந்தப் பயிற்சியையும் கணக்கில் எடுத்தது.

நம்மூரில் இதே பாதையில் சரியாக நடந்தவர் எனக்குத் தெரிந்து இல்லை. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளத்தில், பிரைவேட்டியர்கள் பல்லாண்டு ஓட்டினார்கள். கோவையின் கரிவரதன் கார்களைத் தானே கட்டினார். சோழவரத்தில் ஃபார்முலா ஒன் காரை ஓட்டிய விஜய் மல்லையா பிற்பாடு குனிகல் குதிரைப் பண்ணையைக் குத்தகைக்கு எடுத்தார். அவர் பயிற்சியாளர் அல்ல, முதலாளி. அந்த வித்தியாசம் பெரியது.

குதிரை நம் தருமபுரிப் பக்கத்துக்குப் புதிதும் அல்ல. தருமபுரியும் ஓசூரும் பழைய சேலம் மாவட்டத்தில் இருந்தவை. ஓசூர் மத்திகிரியில் இன்றுள்ள அரசு கால்நடைப் பண்ணை, 1824இல் ராணுவத்துக்குக் குதிரை வளர்க்கத் தொடங்கியதுதான்.

2024இல் உதகை, கிண்டி பந்தயத் திடல்களின் நிலத்தைத் தமிழக அரசு திரும்ப எடுக்க இறங்கியது. விவகாரம் நீதிமன்றப் படியேறியது. ஆகவே இத்தொழிலில் ஆசையுள்ள தருமபுரி இளைஞர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் பெங்களூரு. லாயத்தில் வேலைக்குச் சேர்ந்து, உதவிப் பயிற்சியாளராகச் சில ஆண்டு கழித்து, அதன்பிறகே பந்தயக் கிளப்பிடம் பயிற்சியாளர் உரிமம் கேளுங்கள்.