சக வீரர் என்னும் அளவுகோல்

2005 ஜூன் 19 அன்று அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் பந்தயத்தில் கோவையின் நரேன் கார்த்திகேயன் நான்காவதாக வந்தார். ஃபார்முலா 1 பந்தயத்தில் புள்ளி எடுத்த முதல் இந்தியர் அவர்தான். அந்த நான்காம் இடமும் அதற்குரிய 5 புள்ளிகளும் இன்றும் பதிவில் இருக்கின்றன. ஆனால் அன்று போட்டியில் ஓடியவை ஆறே கார்கள். அந்தத் தடத்தின் வேகமான சாய்வு வளைவை மிஷலின் டயர்கள் தாங்காது என்று தெரிந்ததும், அந்த டயர் மாட்டியிருந்த ஏழு அணிகளும் அணிவகுப்புச் சுற்று முடிந்த கையோடு விலகிக்கொண்டன. கார்த்திகேயன் ஓட்டிய ஜோர்டான் அணியின் இன்னொரு காரில் டியாகோ மோன்டேரோ மூன்றாவதாக வந்தார். கார்த்திகேயனின் திறமையை எடைபோட நினைப்பவர் பார்க்க வேண்டியது அந்த ‘நான்கு’ என்ற எண்ணை அல்ல; அந்த ஆண்டு முழுக்க மோன்டேரோவுக்கு முன்னே எத்தனை முறை, பின்னே எத்தனை முறை வந்தார் என்பதைத்தான்.

உலகின் தலைசிறந்த கார் பந்தய வீரர் யார் என்ற சண்டைக்கும் இதே விதி பொருந்தும். 2024 முடிய லூயிஸ் ஹாமில்டனுக்கு 105 வெற்றிகள், மைக்கேல் ஷூமாக்கருக்கு 91. இருவரும் ஆளுக்கு ஏழு முறை உலக சாம்பியன். அர்ஜென்டினாவின் ஹுவான் மனுவேல் ஃபாஞ்சியோவுக்கோ 24 வெற்றிகள்தான், ஐந்து பட்டங்கள். வெறும் எண்ணிக்கையைப் பார்த்தால் பேச்சுக்கே இடமில்லை.

ஃபாஞ்சியோ காலத்தில் ஓர் ஆண்டுக்குப் பெரும்பாலும் ஏழு முதல் ஒன்பது பந்தயங்களே நடந்தன. 2024இல் நடந்தவை 24. ஃபாஞ்சியோ தம் வாழ்நாளில் கிளம்பியதே 51 பந்தயங்களில். அவற்றில் 24இல் வென்றார், அதாவது 47 சதவீதம். ஹாமில்டன், ஷூமாக்கர் இருவருக்கும் இந்த விகிதம் 30 சதவீதத்தை ஒட்டியே வருகிறது. புள்ளிகளை வைத்து ஒப்பிடுவது இன்னும் மோசம். அன்று வெற்றிக்கு 8 புள்ளி, முதல் ஐந்து பேருக்கு மட்டுமே பங்கு. இன்று வெற்றிக்கு 25, பத்தாவது ஆளுக்கும் ஒன்று உண்டு. 1988இல் அலென் ப்ரோஸ்ட் மொத்தம் 105 புள்ளி எடுத்தும் பட்டம் 94 எடுத்த அயர்டன் சென்னாவுக்குப் போனது. சிறந்த பதினொரு முடிவுகளை மட்டும் கணக்கில் கொள்வது என்பது அன்றைய விதி.

விகிதத்தையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. ஃபாஞ்சியோவின் 24இல் இரண்டு, பாதியில் சக வீரரின் காரை வாங்கி ஓட்டி வென்றவை. அன்று அதற்கு அனுமதி இருந்தது. 1956 மோன்சா பந்தயத்தில், பட்டத்துக்கான வாய்ப்பு தமக்கும் இருந்தபோதும் சக வீரர் பீட்டர் காலின்ஸ் காரை நிறுத்தி ஃபாஞ்சியோவிடம் கொடுத்தார். ஃபாஞ்சியோ இரண்டாவதாக வந்து சாம்பியன் ஆனார். காலின்ஸின் அந்தப் பெருந்தன்மையை எந்தச் சூத்திரத்தில் அடக்குவது?

கார் பழுதாகி நின்றதும் கணக்கைக் கலைக்கிறது. ஸ்காட்லாந்தின் ஜிம் கிளார்க் 72 பந்தயங்களில் 25 வென்றவர். 1962இல் கடைசிப் பந்தயத்தில் முன்னணியில் போய்க்கொண்டிருந்தபோது எண்ணெய் ஒழுகிப் பட்டம் கைநழுவியது. 1964இல் மெக்சிகோவிலும் அதுவே, முடிவுக்கோடு தெரியும் தூரத்தில். அவருக்கு இரண்டே பட்டங்கள். 1968 ஜனவரி 1 அன்று தென்னாப்பிரிக்காவில் 25ஆவது வெற்றியைப் பெற்று ஃபாஞ்சியோவின் சாதனையைத் தாண்டினார். ஏப்ரலில் ஹாக்கன்ஹைமில் நடந்த விபத்தில் இறந்தபோது அவருக்கு வயது 32. அந்தத் தலைமுறையின் எண்களை இன்றைய எண்களோடு வைத்துப் படிக்கும்போது இதை மறக்கக் கூடாது. ஹாமில்டன் 39 வயதிலும் வென்றார். கிளார்க்குக்கு அந்த வயது வாய்க்கவே இல்லை.

இத்தனைக்கும் மேலே கார் என்ற ஒன்று இருக்கிறது. கிரிக்கெட்டில் மட்டை மாறினால் சதம் போய்விடாது. இங்கே கார் மாறினால் சாம்பியனே கடைசி வரிசைக்குப் போய்விடுவார். ஆகவே புள்ளியியல் வல்லுநர்கள் பிடித்துக்கொள்வது ஒரே ஓர் இழையை: ஒவ்வோர் அணியும் இரண்டு கார்களை ஏறத்தாழ ஒன்றுபோலவே கட்டி இருவரிடம் கொடுக்கிறது. கார் ஒன்று என்றால் வித்தியாசம் ஆளால் வந்தது. வீரர்கள் அணி மாறிக்கொண்டே இருப்பதால் இந்த ஒப்பீடுகள் ஒன்றோடொன்று இணைகின்றன. ஹாமில்டனின் சக வீரர் நிகோ ராஸ்பெர்க். ராஸ்பெர்க் அதற்கு முன் ஷூமாக்கரோடு ஓட்டினார், ஷூமாக்கர் 1991இல் நெல்சன் பிக்கேயோடு, பிக்கே 1979இல் நிக்கி லாடாவோடு, லாடா ரெகாட்ஸோனியோடு, அவர் ஜாக்கி இக்ஸோடு, இக்ஸ் 1969இல் ஜாக் பிரபாமோடு, பிரபாம் டேன் கர்னியோடு, கர்னி 1959இல் டோனி ப்ரூக்ஸோடு, ப்ரூக்ஸ் ஸ்டர்லிங் மாஸோடு. மாஸ் 1955இல் மெர்சிடிஸ் அணியில் ஃபாஞ்சியோவின் சக வீரர். அறுபது ஆண்டு இடைவெளியை இப்படிப் பதினொரு கண்ணிகளில் கடந்துவிடலாம். கணினியில் ஓடும் மாதிரிகள் இதுபோன்ற ஆயிரக்கணக்கான பாதைகளை ஒரே நேரத்தில் சேர்த்துப் பார்த்து, ஆளுக்கு எவ்வளவு, காருக்கு எவ்வளவு என்று பிரிக்கின்றன.

ஷெஃபீல்ட் பல்கலைக்கழகத்தின் ஆண்ட்ரூ பெல்லும் அவருடைய கூட்டாளிகளும் 2016இல் வெளியிட்ட ஆய்வு இந்த வழியில் 1950 முதல் 2014 வரையிலான முடிவுகளை அலசியது. முதலிடம் ஃபாஞ்சியோவுக்கு, அடுத்து ப்ரோஸ்ட், மூன்றாவது கிளார்க். ஒருமுறைகூட வெற்றி மேடை ஏறாத கிறிஸ்டியன் ஃபிட்டிபால்டியும் முன்வரிசையில் வந்து நின்றார். மோசமான கார்களில் சக வீரர்களை மிஞ்சியதற்குக் கணக்கு கொடுத்த மரியாதை அது. அதைவிட முக்கியமான முடிவு இன்னொன்று. ஓட்டுநராலும் அணியாலும் வரும் வேறுபாட்டில் சுமார் 86 சதவீதம் அணியின் பங்கு. அந்தப் பங்கு காலப்போக்கில் கூடியும் வந்திருக்கிறது. மழையிலும், நகர வீதிகளில் நடக்கும் பந்தயங்களிலும் மட்டும் ஆளின் கை சற்று ஓங்குகிறது. மொனாக்கோவையும் மழைநாட்களையும் ரசிகர்கள் ஏன் அவ்வளவு கொண்டாடுகிறார்கள் என்பதற்கு இதுவே விடை.

ஆனால் அந்தச் சங்கிலியின் கண்ணிகளை ஒருமுறை உற்றுப் பார்க்க வேண்டும். 2010இல் ராஸ்பெர்க் 142 புள்ளி எடுத்தார், ஷூமாக்கர் 72. அந்த ஷூமாக்கருக்கு வயது 41. மூன்றாண்டு ஓய்வுக்குப் பின் திரும்பியவர். 1991இல் பிக்கேக்கு 39, பக்கத்துக் காரில் இருந்த ஷூமாக்கருக்கு 22. தலைமுறைகளை இணைக்கும் கண்ணி பெரும்பாலும் ஓய்வை நெருங்கும் ஒருவருக்கும் அப்போதுதான் மேலே வரும் ஒருவருக்கும் இடையில்தான் அமைகிறது. வயதுக்குச் சலுகை தராத கணக்கு ஒவ்வொரு கண்ணியிலும் மூத்தவரைக் கொஞ்சம் குறைத்துவிடும். பெல்லின் ஆய்விலேயே, அந்த மறுவருகையைச் சேர்த்தால் ஷூமாக்கர் கீழே இறங்குகிறார். அதை ஒதுக்கினால் மூன்றாம் இடத்துக்கு ஏறுகிறார். ஃபாஞ்சியோவோ இந்தத் தண்டனையையும் தாண்டி நிற்கிறார். 1955இல் மாஸுக்கு 25 வயது, அவருக்கு 44. மெர்சிடிஸ் அந்த ஆண்டு வென்ற ஐந்தில் நான்கு ஃபாஞ்சியோவுடையவை. ஆல்ஃபா ரோமியோ, மெர்சிடிஸ், ஃபெராரி, மசெராட்டி என நான்கு அணிகளில் பட்டம் வென்றவர் என்பதையும் சேர்த்தால், நல்ல கார் கிடைத்ததால் வென்றார் என்று அவரைத் தள்ளிவிட முடியாது. அணிகள் அவருக்காகக் காத்திருந்தன.

கேள்வியை மாற்றினால் விடையும் மாறுகிறது. 2020இல் ஃபார்முலா 1 நிறுவனமும் அமேசானும் சேர்ந்து, 1983க்குப் பிந்தைய தகுதிச் சுற்று நேரங்களை மட்டும் வைத்து ‘அதிவேக ஓட்டுநர்’ பட்டியல் ஒன்றைத் தயாரித்தன. சென்னா முதலிடம், ஷூமாக்கர் இரண்டு, ஹாமில்டன் மூன்று. ஹெய்க்கி கோவலைனனும் யார்னோ ட்ரூலியும் முதல் பத்துக்குள் வந்தது பலருக்கு எரிச்சலூட்டியது. ஆனால் ஒற்றைச் சுற்றில் பறப்பது வேறு, ஒன்றரை மணி நேரம் டயரைக் காப்பாற்றி ஓட்டுவது வேறு. ட்ரூலி முன்னதில் உண்மையிலேயே பெரிய ஆள்.

அடுத்த சிக்கல் மாக்ஸ் வெர்ஸ்டப்பன். 2023இல் 22 பந்தயங்களில் 19ஐ வென்றார். அப்படி ஓர் ஆண்டு யாருக்கும் அமைந்ததில்லை. அதே ரெட் புல் காரில் செர்ஜியோ பெரஸ் வென்றவை இரண்டு. புள்ளிகள் 575க்கு 285. சக வீரர் அளவுகோல் இதை வெர்ஸ்டப்பனின் மேதைமை என்று படிக்கும். முன்பாகம் உடனுக்குடன் திரும்பும் காரைத்தான் அவர் விரும்புகிறார், அத்தகைய கார் மற்றவர்கள் கைக்கு அடங்குவதில்லை என்று பந்தய வட்டாரத்தில் ஒரு வாதம் உண்டு. அது சரியென்றால் ‘ஒரே கார்’ என்ற அடிப்படையே ஆட்டம் காண்கிறது, ஏனெனில் ஒருவருக்குப் பொருந்தும் கார் இன்னொருவருக்கு வேறு கார். ஆளையும் காரையும் தனித்தனியே கூட்டும் மாதிரிகளால் இந்தப் பொருத்தத்தை அளக்க முடியாது. அதற்கு வெர்ஸ்டப்பன் வேறோர் அணிக்குப் போய், அங்கே ஏற்கெனவே வேரூன்றிய ஒருவருக்குப் பக்கத்தில் ஓட்ட வேண்டும். அணி மாறியும் வெல்ல முடியும் என்று ஃபாஞ்சியோ நான்கு அணிகளில் காட்டினார்.