தொட்டி லில்லி மறுபடியும் பூக்க



நெல்லையும் மல்லாட்டையையும் விட்டுவிட்டு இவர் ஏன் பூந்தொட்டிக்கு வந்துவிட்டார் என்று நினைக்காதீர்கள். சாலவாக்கத்தில் ஒரு வீட்டுக் கழனியைப் பார்த்துவிட்டுத் திண்ணையில் மோர் குடித்துக் கொண்டிருந்தேன். அந்த வீட்டு அம்மா ஒரு தொட்டியைக் காட்டி, "இதுக்கு இன்னா கேடு சார்? மூணு வருஷமா எலைதான் வுடுது, பூவே காணோம்" என்றார்.

அமரில்லிஸ் லில்லி. வெங்காயம் மாதிரிக் கிழங்கு, வார் போல இலை, உள்ளே கூடான ஒரு தண்டு, அதன் உச்சியில் எக்காளம் போல இரண்டு முதல் நாலைந்து சிவப்புப் பூ. கல்யாணமாகிப் போன மகள் வைத்துவிட்டுப் போன கிழங்காம். முதல் வருஷம் பூத்தது, அதோடு சரி. தூக்கிப்போடவும் மனசு வரவில்லை.

நான் அவசரத்தில் இருந்தேன். "கொஞ்சம் யூரியா போட்டுப் பாருங்கம்மா" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துவிட்டேன். தப்பான யோசனை. இரண்டு மாதம் கழித்துப் போனால் இலை முழ நீளத்துக்குத் தழைத்துத் தொங்குகிறது. "நீங்க சொன்னதைத்தானே சார் போட்டேன்" என்கிறார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அன்றைக்குத்தான் உட்கார்ந்து நிதானமாக விசாரித்தேன்.

அதே வீட்டில் கிணற்றங்கரைத் துவைகல் பக்கத்தில் இதே சாதிச் செடி ஒரு கும்பல் நிற்கிறது. யாரும் கவனிப்பதில்லை. "அது வருஷா வருஷம் சித்திரையில பூக்குதே சார்!" என்றார் அந்த அம்மா. விடை அங்கேதான் இருந்தது.

கிழங்கைக் குறுக்கே அறுத்தால் வெங்காயம் போலவே அடுக்கடுக்காக இருக்கும். அந்த அடுக்குகள் இலையின் அடிப்பாகங்கள். இலை வெயிலில் சமைக்கிற சாப்பாடு அங்கேதான் சேர்கிறது. உள்ளே, சுமார் நாலு இலைக்கு ஒன்று என்ற கணக்கில் ஒரு பூமொட்டு உண்டாகிறது. அது வெளியே வர ஏறக்குறைய ஒரு வருஷம் ஆகும். அதாவது இந்தச் சித்திரையில் நீங்கள் பார்க்கிற பூ, போன வருஷமே கிழங்குக்குள் கருவானது. சாப்பாடு போதாவிட்டால் அந்த மொட்டு உள்ளேயே கருகிவிடும்.

இப்போது அந்தத் தொட்டியைப் பாருங்கள். திண்ணை நிழலில் இருக்கிறது. பூ முடிந்ததும் இலை பார்க்க நன்றாயில்லை என்று ஒட்ட அறுத்திருக்கிறார். அடுத்தடுத்த வருஷமும் அப்படியே. பன்னிரண்டு மாதமும் தினம் ஒரு செம்பு தண்ணீர். போதாக்குறைக்கு என் யூரியா! தழைச்சத்து மிஞ்சினால் இலைதான் மிஞ்சும். கிணற்றங்கரைச் செடிக்கோ நல்ல வெயில், இலையை யாரும் தொடுவதில்லை. தை பிறந்தால் கிணற்று நீர் கீழே இறங்கித் துவைகல்லும் காய்ந்துவிடும். செடி தானாக ஓய்வெடுக்கிறது. கோடை மழை விழுந்ததும் பூக்கிறது.

ஆகவே தொட்டியிலும் அதையே செய்ய வேண்டும். பூ வாடியதும் விதை பிடிக்க விடாமல் தண்டை மட்டும் இரண்டு விரற்கடை விட்டு வெட்டுங்கள். இலையைத் தொடாதீர்கள். வைகாசியிலிருந்து மார்கழி வரை காலை வெயில் நாலைந்து மணி நேரம் படுகிற இடத்தில் வையுங்கள். மேல்மண் காய்ந்தபின் தண்ணீர். மாதம் ஒருமுறை ஒரு கரண்டி அடுப்புச் சாம்பல் தூவலாம், சாம்பல் சத்து கிடைக்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தொட்டி ஓட்டை அடைத்திருக்கிறதா என்று குச்சியால் குத்திப் பாருங்கள். தண்ணீர் தேங்கினால் கிழங்கு அழுகிப்போகும்.

தை பிறந்ததும் தண்ணீரை நிறுத்துங்கள். எட்டு முதல் பத்து வாரம் மழைச்சாரல் படாத இடத்தில் சும்மா கிடக்கட்டும். இலை மஞ்சளாகித் தானாகக் காயும். காய்ந்ததை மட்டும் எடுங்கள். தாய்மார்களுக்கு இதுதான் கஷ்டம், செடி வாடினால் கை தானாகச் செம்பைத் தேடும். தேடக்கூடாது.

பங்குனி நடுவில் வேரைக் கலைக்காமல் மேல்மண்ணைச் சுரண்டி எடுத்துவிட்டு, செம்மண், மணல், மக்கிய மாட்டெரு கலந்து போட்டு ஒரு பிடி எலும்புத்தூளும் சேருங்கள். கிழங்கின் மேல்பகுதி மூன்றில் ஒரு பங்கு மண்ணுக்கு வெளியே தெரிய வேண்டும். தொட்டியும் பெரிதாக வேண்டாம், கிழங்கைச் சுற்றி இரண்டு விரற்கடை இடம் போதும். முதலில் கொஞ்சமாகத் தண்ணீர். தடித்த மொட்டு முனை எட்டிப் பார்த்தபின் தாராளமாக.

ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இதைக் கிறிஸ்துமஸ் சமயத்தில் வீட்டுக்குள் பூக்க வைக்கிறார்கள். கிழங்கைக் குளிரில் வைக்கச் சொல்கிற புத்தகங்கள் அவர்களுக்காக எழுதியவை. இந்தச் செடியின் பூர்வீகம் தென் அமெரிக்கா. தாவர நூலில் பெயர் ஹிப்பியாஸ்ட்ரம். அசல் அமரில்லிஸ் தென்னாப்பிரிக்காவைச் சேர்ந்த வேறு செடி. பெயர் மட்டும் இதற்கும் ஒட்டிக்கொண்டது. நம் ஊர் சிவப்பு ரகத்துக்குக் குளிர் வேண்டாம், காய்ச்சல் போதும்.

கறுப்பு உடம்பில் வெள்ளையும் சிவப்புமாகப் புள்ளி போட்ட புழு ஒன்று இலையைத் தின்னும். கண்வலிக் கிழங்குச் செடியைத் தின்கிற அதே புழுதான். கையால் பொறுக்கி சோப்புத் தண்ணீரில் போட்டுவிடுங்கள். இரண்டு தொட்டிக்கு மருந்தடிக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு எச்சரிக்கை. இந்தக் கிழங்கு விஷம். பிடுங்கிய கிழங்கை அடுப்படியில் வெங்காயக் கூடை பக்கத்தில் வைக்காதீர்கள். ஆடு, மாடு, குழந்தைகள் எட்டாத இடத்தில் வையுங்கள்.

சாலவாக்கத்து அம்மா ஒரு வருஷம் இலையை அறுக்காமல், தை, மாசியில் மனசைக் கல்லாக்கிக்கொண்டு தண்ணீர் ஊற்றாமல் இருந்தார். சித்திரையில் ஒரு தண்டு வந்தது, மூன்று பூ. பக்கத்தில் சின்னக் கிழங்கும் ஒன்று விட்டிருக்கிறது. அதை மகளுக்குக் கொடுத்தனுப்பப் போகிறாராம். அது பூக்க இரண்டு மூன்று வருஷம் ஆகும், அவசரப்பட்டு எதையும் போட வேண்டாம் என்று இந்தத் தடவை சரியாகவே சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.