கோடைக்கு எண்ணூர்

திருத்தணி வெயிலைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். மே மாத வானிலை அறிக்கையில், வெப்பம் மிகுந்த ஊர்களின் வரிசையில் எங்கள் ஊர்ப் பெயர் அடிக்கடி வரும். நண்பகலில் மலைக்கோயிலின் 365 படிகளை வெறுங்காலுடன் ஏறினால், கல் எவ்வளவு சூடேறும் என்பதை வெப்பமானி இல்லாமலே அறிந்துகொள்ளலாம். அந்நாட்களில் ஊரையொட்டிய நந்தியாறு வெறும் மணல். மழைக்காலத்தில் அதில் ஓடும் நீர் கொசத்தலையாற்றில் கலக்கிறது. அந்த ஆறு பூண்டி நீர்த்தேக்கத்தைக் கடந்து எண்ணூரில் கடலைச் சேர்கிறது. அந்த எண்ணூர் ஒரு காலத்தில் கோடை வாசஸ்தலம் என்றால் நம்புவீர்களா?

தேசப்படத்தைப் பாருங்கள். எண்ணூருக்குக் கிழக்கே வங்கக்கடல், வடக்கே ஆற்று முகத்துவாரம், மேற்கே உப்பங்கழியும் பக்கிங்காம் கால்வாயும். மூன்று பக்கமும் நீர் சூழ்ந்த மணல் நிலம் அது. முகத்துவாரத்துக்கு அக்கரையில் காட்டுப்பள்ளித் தீவு. சென்னையிலிருந்து எண்ணூர் வரை கால்வாய் வெட்டப்பட்டது 1806-இல். பக்கிங்காம் என்ற பெயர் 1878-இல்தான் வந்தது. 19-ஆம் நூற்றாண்டில் சென்னையில் வாழ்ந்த ஐரோப்பியர் ஓய்வுக்கு நாடிய ஊர்களில் எண்ணூரும் ஒன்று. உதகைக்குப் போவது அன்று பல நாள் பயணம். எண்ணூரோ பத்து மைல் தூரந்தான்.

மலையும் இல்லை, காடும் இல்லை. குளிர்ச்சி எங்கிருந்து வந்தது?

1 கிராம் நீரின் வெப்பநிலையை 1 டிகிரி உயர்த்த 1 கலோரி வெப்பம் வேண்டும். 1 கிராம் உலர்ந்த மணலுக்கு 0.2 கலோரியே போதும். வெயில் மணலின் மேற்பரப்போடு நின்றுவிடுகிறது. நீரிலோ ஆழத்துக்குள் பரவுகிறது, அலைகளும் அதைக் கலக்கிவிடுகின்றன. போதாக்குறைக்கு, ஆவியாகும் ஒவ்வொரு கிராம் நீரும் ஏறத்தாழ 580 கலோரியை எடுத்துக்கொண்டு போகிறது. ஆகவே காலை பத்து மணிக்கெல்லாம் தரை சுடுகிறது, கடல் அப்படியே இருக்கிறது. தரைமீதுள்ள காற்று விரிந்து மேலெழ, கடல்மீதுள்ள குளிர்ந்த காற்று அவ்விடத்துக்கு வருகிறது. இதுவே கடற்காற்று. அதை முதலில் பெறுவது கரையோர ஊர். எங்கள் ஊருக்கு அது வந்து சேர மாலையாகிவிடும், வராத நாட்களும் உண்டு. மேல்காற்று பலமாக வீசும் நாட்களில் சென்னைக்கே அது தாமதமாகத்தான் வரும்.

எண்ணூருக்கு வெப்பம் தணித்த அதே நீர்தான் பிற்பாடு அனல் மின் நிலையத்தையும் அங்கே இழுத்து வந்தது. முதல் நிலையம் 1970-இல் இயங்கத் தொடங்கி 2017-இல் மூடப்பட்டது. 1990-களில் வடசென்னை நிலையம் வந்தது. நிலக்கரி தரும் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் மின்சாரமாகிறது. எஞ்சியதில் பெரும்பகுதியை நீர்தான் வாங்கிக்கொள்ள வேண்டும். ஒரு கணக்குப் போடுவோம். 100 மெகாவாட் மின்சாரத்துக்கு 150 மெகாவாட் வெப்பம் நீரில் இறங்குவதாகக் கொள்ளுங்கள். அதாவது நொடிக்கு 3 கோடியே 60 லட்சம் கலோரி. நீரின் வெப்பநிலை 7 டிகிரிக்கு மேல் ஏறக்கூடாதென்றால், நொடிக்கு எத்தனை டன் நீர் தேவை? ஐந்து டன்னுக்குச் சற்று மேல் வரும். நீங்களே போட்டுச் சரிபாருங்கள்.

அந்தச் சுடுநீர் திறந்த கடலில் விழுந்தால் கலந்து மறைந்துவிடும். கழியில் விழுந்தால்? கழி ஆழமற்றது. முகத்துவாரத்தை மணல் திட்டு அடைக்கும் காலங்களில் கடல்நீர் வந்து போவதும் குறைந்துவிடும். மேலும், 20 டிகிரியில் 1 லிட்டர் நன்னீரில் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 30 டிகிரியில் 7.5 மில்லிகிராம்தான், உப்புநீரில் இன்னும் குறைவு. ஆனால் நீர் சூடேறச் சூடேற மீனுக்கும் இறாலுக்கும் ஆக்சிஜன் தேவை கூடுகிறது! இதோடு, குழாய்களிலிருந்து கசிந்த சாம்பல் கழியின் அடியில் படிந்து ஆழத்தை மேலும் குறைத்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்ப் படலமும் கழிக்குள் வந்தது.

எண்ணூர்க் கழியில் வலையில்லாமல், சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிப்பவர்கள் இருக்கிறார்கள். நீர் எங்கே சுடுகிறது, எங்கே ஆழம் குறைந்தது என்பதை அவர்களுடைய கை நமக்கு முன்பே அறியும். எண்ணூருக்குப் போனால், பிற்பகலில் முகத்துவாரத்துப் பக்கம் நின்று பாருங்கள். கடற்காற்று அங்கே இன்றும் வீசுகிறது.